நாறிய நதியும் நம்பாத மன்றமும்

1858-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள். கதிரவன் மறையாத பேரரசு எமது என்று தருக்கி நின்ற நாட்டின் தலைநகர், இலண்டன். அந்நகரின் பாராளுமன்றச் சாளரங்களிலே திரைகள் தொங்குகின்றன. பட்டுத் திரைகள் அல்ல. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே தோய்த்தெடுத்த திரைகள்! ஆற்றோரத்து அறையொன்றிலிருந்து நிதியமைச்சர் டிஸ்ரேலி வெளியே விரைகிறார். ஒரு கையிலே தாள்கள். மறு கையிலே மூக்கைப் பொத்திய கைக்குட்டை.

எதிரிப் படையா நுழைந்துவிட்டது? இல்லை, தோழர்களே! மன்றத்தின் மதிலைத் தொட்டு ஓடிய தேம்ஸ் நதியின் நாற்றம்தான் நுழைந்தது. கோடை கொளுத்திற்று, நீர் வற்றிற்று, இரு கரையிலும் மலம் படிந்து கிடந்தது. அந்தக் கோடையை ஆங்கில வரலாற்று ஏடுகள் 'பெரு நாற்றம்' என்ற பெயராலேயே குறிக்கின்றன. மன்னர் பெயரைச் சுமக்கும் காலங்கள் உண்டு. போரின் பெயரைச் சுமக்கும் காலங்கள் உண்டு. நாற்றத்தின் பெயரைச் சுமக்கும் காலம் அரிது!

அந்த நதி பிறவியிலேயே நாறியதன்று. நெடுங்காலம் இலண்டன் வீடுகளின் கழிவு, வீட்டடியிலே தோண்டிய மலக்குழிகளில் தேங்கியது. இரவிலே அதை அள்ளி, வண்டியிலேற்றி, ஊர்ப்புறத்து வயல்களுக்கு எருவாகக் கொண்டு சேர்ப்பது ஒரு கூட்டத்தாரின் பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீர்விட்டுக் கழுவும் கழிப்பிடம் வந்தது. செல்வர் வீடுகளிலே அது நாகரிகத்தின் சின்னம். ஊற்றிய நீர் எங்கே போவது? குழி நிரம்பி வழிந்தது. 1848-க்குப் பின், குழிகளை மூடுங்கள், கழிவைச் சாக்கடையிலே விடுங்கள் என்று ஆணை பிறந்தது. மழைநீருக்காகக் கட்டிய சாக்கடைகள் மலத்தைச் சுமந்தன. சுமந்ததை நேரே தேம்ஸிலே கொட்டின. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் கழிவு! அதே ஆற்றிலிருந்துதான் கம்பெனிகள் நீரெடுத்து, குழாய் வழியே வீடுகளுக்கு விற்றன. கழித்ததையே காசு கொடுத்துக் குடித்தனர் மக்கள்.

1855 ஜூலையிலே, மின்னியல் மேதை மைக்கேல் ஃபாரடே படகிலே சென்றபோது, வெள்ளை அட்டையைக் கிழித்து, நனைத்து, நீரிலே விட்டுப் பார்த்தார். ஓரங்குலம் அமிழ்வதற்குள் அட்டை கண்ணுக்கு மறைந்தது, நல்ல வெயிலிலே! இதைப் பத்திரிகைக்கு எழுதி எச்சரித்தார். படித்தார்கள், பாராட்டினார்கள், ஆறு அப்படியே ஓடிற்று.

நாற்றத்தோடு நோயும் இருந்தது. வங்கத்திலே 1817-இல் பொங்கி எழுந்து, வணிகப் பாதைகளிலும் படைகளின் காலடியிலும் பரவிய காலரா, 1831-இல் இங்கிலாந்தின் சந்தர்லாந்துத் துறைமுகத்திலே இறங்கியது. இலண்டனில் மட்டும் அந்த முதற்படையெடுப்பிலே 6,536 பேர் மாண்டனர். 1848-49-இல் 14,137 பேர். 1853-54-இல் 10,738 பேர். காலையிலே கடைக்குப் போனவன் மாலையிலே பிணம். உடலின் நீரெல்லாம் வயிற்றால் ஒழுகி, முகம் நீலம் பாரித்து, நினைவு மட்டும் கடைசிவரை மங்காமல் சாகின்ற கொடுமை!

நம் ஊர்களிலே வாந்திபேதி வந்தால் மாரியின் சீற்றம் என்று கூழ் காய்ச்சினார்கள் அன்றோ? சீமையிலே என்ன செய்தார்கள்? 1832 மார்ச் 21-ஆம் நாளை, நாடு முழுதும் உண்ணாநோன்பு இருந்து இறைவனிடம் மன்னிப்பு வேண்டும் நாளாக அரசே அறிவித்தது. பட்டினியே வாழ்வாகக் கிடந்த ஏழைக்கு, அன்று ஒரு நாள் அரசு முத்திரையிட்ட பட்டினி! 1853-இல் எடின்பரோ பாதிரிமார் மீண்டும் அத்தகைய நோன்பு நாள் வேண்டினர். அப்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் பாமர்ஸ்டன் பிரபு. ஏழையர் வாழும் தெருக்களின் அழுக்கை முதலில் அகற்றுங்கள், அகற்றாதவரை எத்தனை தொழுகையும் நோன்பும் பயன் தரா என்னும் கருத்துப்பட விடையெழுதினார். அமைச்சர் ஒருவர் அப்படி எழுதியது அந்நாளிலே சிறு புரட்சிதான்.

ஆனால், பாதிரிமாரை நகைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. மூடநம்பிக்கை எப்போதும் அங்கி அணிந்தே வருவதில்லை; சிலபோது மருத்துவர் சட்டையும் அணிந்து வரும். நோய் கெட்ட காற்றிலே பிறக்கிறது, நாற்றமே நோய் என்பது அந்நாளைய படித்தவர் கோட்பாடு. ஏழையர் நலத்துக்காக 1842-இலே பேரறிக்கை தந்த எட்வின் சாட்விக் அதை நம்பினார். செவிலியர் திலகம் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நம்பினார். புள்ளிவிவர மேதை வில்லியம் ஃபாரும், தாழ்ந்த நிலத்திலே சாவு மிகுதி என்று கணக்கிட்டு, அங்கே கெட்ட காற்றுத் தேங்குவதே காரணம் என்றார். இவர்கள் தீயவர் அல்லர், மக்களுக்கு உழைத்தவர்கள். வீட்டடி நாற்றத்தை விரட்ட வேண்டுமென்ற நல்லெண்ணத்தாலேதான் மலக்குழிகளை மூடச் சொல்லி, நகரின் கழிவையெல்லாம் குடிநீருக்குள் திருப்பிவிட்டார்கள். நல்லெண்ணம் கொன்ற உயிர்கள் எத்தனை!

வகுப்பிலே இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "தண்ணீரைக் காய்ச்சிக் குடித்திருக்கலாமே, ஐயா?" என்றான். காய்ச்சலாம், தம்பி. தண்ணீர்மேல் ஐயம் வந்தால் அல்லவா காய்ச்சத் தோன்றும்?

ஐயம் கொண்டவர் ஒருவர் இருந்தார். ஜான் ஸ்னோ. யார்க் நகரத்துக் கூலித் தொழிலாளியின் மகன். குளோரோஃபார்ம் கொடுத்து நோவு நீக்கும் கலையிலே வல்லவர். 1853-இல் விக்டோரியா அரசியாரின் பேறுகாலத்துக்கே அதைக் கொடுத்தவர். அவர் கேட்ட கேள்வி எளியது. நோய் காற்றிலே வருவதாயின் நுரையீரலை அன்றோ முதலில் தாக்க வேண்டும்? இது வயிற்றைத் தாக்குகிறதே! வாய்வழி போன ஏதோ ஒன்றே காரணமாக வேண்டும். 1849-இலேயே சிறுநூல் எழுதினார். ஏற்பார் இல்லை.

1854 ஆகஸ்டு 31. சோஹோ வட்டாரத்தின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்து நாளிலே 500 உயிர்களுக்கு மேல்! ஸ்னோ ஓடவில்லை, வீடு வீடாகப் போய்க் கேட்டார். செத்தவர் பெரும்பாலும் பிராட் தெரு அடிகுழாய் நீரைக் குடித்தவர்கள். அருகிலிருந்த வறியோர் இல்லத்திலே 535 பேர், இறந்தவர் ஐவரே. அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்துப் பீர் ஆலையிலே எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். ஆலைக்கும் தனிக் கிணறு. இவை இப்படி இருக்க, தொலைவிலே, நல்ல காற்று வீசும் ஹாம்ஸ்டெட் மேட்டிலே ஒரு கைம்பெண் காலராவால் இறந்தார். ஏன்? முன்பு பிராட் தெருவிலே வாழ்ந்தவர். அந்தக் குழாய்நீரின் சுவை பிடித்துப்போய், வண்டியிலே வரவழைத்துக் குடித்து வந்தார்! அந்நீரைக் குடித்த அவருடைய உறவுப் பெண்ணும் இறந்தாள். கெட்ட காற்று சோஹோவிலிருந்து மேடேறி, மற்ற வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு வீட்டுக் கதவை மட்டுமா தட்டிற்று?

செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை, வட்டாரக் காப்பாளர் குழுவின் முன் ஸ்னோ நின்றார். மறுநாள் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதனால்தான் நோய் நின்றது என்று பலர் கதை கட்டுவர். நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தனக்குச் சாதகமான கதையையும் மறுத்து எழுதிய அந்த நேர்மைதான், என் மனத்திலே கைப்பிடியைவிடப் பெரிதாக நிற்கிறது.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. ஸ்னோவின் கூற்றைப் பொய்யென்று மெய்ப்பிக்கக் கிளம்பியவர் அவ்வட்டாரத்துப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். தெரு முழுவதும் அவருக்கு அறிமுகம். விசாரிக்க விசாரிக்க, சான்றுகள் ஸ்னோவின் பக்கமே சாய்ந்தன, அவரும் சாய்ந்தார். நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளைக் கழுவிய நீர், பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டு மலக்குழியிலே ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவரே. அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிதான். அங்கி அணிந்தவர் சான்றுக்குத் தலைவணங்கினார். அரசு அமைத்த அறிவியற் குழுவோ, ஸ்னோவின் முடிவை ஏற்கக் காரணமில்லை என்று 1855-இலே எழுதி முடித்தது!

அதே ஆண்டு ஸ்னோ வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தென் இலண்டனிலே இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவிலே ஓடின. அடுத்தடுத்த வீடுகள், ஒரே காற்று. லாம்பெத் கம்பெனி 1852-இலே தன் நீரெடுப்பை நகருக்கு மேலே, தூய பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சதர்க் – வாக்ஸால் கம்பெனியோ பாட்டர்சீயில், கழிவு கலந்த நீரையே எடுத்தது. எந்த வீட்டுக்கு யார் நீர்? குடியிருந்தவருக்கே தெரியாது, வரி கட்டியவன் வீட்டு உடைமையாளன்! ஸ்னோ ஒவ்வொரு வீட்டு நீரிலும் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்தார். உப்பு மிகுந்த நீர் வெண்மையாகத் திரண்டது. அது சதர்க் நீர். கணக்கு இதுதான்: சதர்க் நீர் சென்ற 40,046 வீடுகளிலே 1,263 சாவு. லாம்பெத் நீர் சென்ற 26,107 வீடுகளிலே 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315, மற்றதிலே 37. இதைவிடத் தெளிவாகப் பிணங்கள் பேச முடியுமா?

பிணங்கள் பேசின, மன்றம் கேட்கவில்லை. மூன்றாண்டு கழித்து மூக்கு பேசிற்று. மன்றம் ஓடோடிக் கேட்டது! 1858 ஜூலை நடுவிலே டிஸ்ரேலி மசோதா கொணர்ந்தார். ஆகஸ்டு 2-இலே அது சட்டமாயிற்று. பொறியாளர் ஜோசப் பசல்கெட் பாதாளச் சாக்கடை கட்டினார். 132 கிலோமீட்டர் நீளப் பெருங்கால்வாய்கள். 31 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள். கழிவு நகரத்துக்குக் கீழே கிழக்கு நோக்கிச் சென்றது. மாபெரும் பணி, மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்றத்தை ஒழிக்கவே அதைக் கட்டினார்கள். காலரா ஒழிந்தது கூடக் கிடைத்த பரிசு. ஸ்னோ அதைக் காணவில்லை. பெரு நாற்றம் நகரை நெரித்த அதே ஜூன், 16-ஆம் நாள், 45 வயதிலே மறைந்தார். 'லான்செட்' மருத்துவ இதழ் சில வரிகளிலே இரங்கல் எழுதிற்று; குளோரோஃபார்ம் பற்றிய ஆய்வு அதிலே இருந்தது, காலராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1866-இலே காலரா மீண்டும் வந்தது. பாதாளச் சாக்கடை அப்போது நகரின் பெரும்பகுதிக்கு எட்டிவிட்டது; எட்டாத இடம் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்கு இலண்டன். செத்தவர்களும் பெரும்பாலும் அவர்களே, ஆயிரக்கணக்கிலே! பழைய கோட்பாட்டைக் கைவிட்டிருந்த வில்லியம் ஃபார், இம்முறை வீடு எந்த மேட்டிலே என்று கேட்கவில்லை, எந்தக் குழாயிலே என்று கேட்டார். விடை ஒன்றே: கிழக்கு இலண்டன் நீர்க் கம்பெனி. காய்ச்சாத நீரைக் குடிக்காதீர் என்று தெருக்களிலே அறிவிப்பு ஒட்டப்பட்டது. கம்பெனியின் பொறியாளரோ, வடிகட்டாத நீர் ஒரு சொட்டும் பல ஆண்டுகளாக நாங்கள் விட்டதில்லை என்று பத்திரிகையிலே சத்தியம் செய்தார். ஆனால் அந்நீர் சென்ற வீட்டுக் குழாய்களிலே விலாங்கு மீன் அகப்பட்டிருந்தது! மணல் வடிகட்டிக்குள்ளே நுழைந்து விலாங்கு வெளிவருமா? லீ ஆற்றின் கழிவு கலந்த திறந்த நீர்த்தேக்கத்திலிருந்து வடிகட்டாமல் நீர் விட்டது விசாரணையிலே வெளிப்பட்டது. அதன்பின் இலண்டன் அத்தகைய காலராவைக் கண்டதில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கு அதிலே பங்கு குறைவு. 1883 டிசம்பரிலே ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்தார். காலரா பரவிய ஒரு குடியிருப்பின் குளத்திலே, மக்கள் குளித்து, துணி துவைத்து, குடித்து வந்த நீரிலே, காற்புள்ளி போல் வளைந்த கிருமியைக் கண்டார். ஸ்னோ கணக்கிலே கண்டதை இவர் கண்ணாலேயே கண்டார். இந்தியாவை ஆண்டவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? கலங்கினார்கள்! காலரா நீராலும் மனிதராலும் பரவுவது என்று ஒப்பினால், இந்தியாவிலிருந்து சூயஸ் கால்வாய் வழியே செல்லும் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்கள் நாட்கணக்கிலே தடுத்து நிறுத்தும். வணிகம் என்னாவது? எனவே கிளைன், கிப்ஸ் என்னும் இரு மருத்துவரை 1884-இலே அனுப்பினார்கள். குளத்திலே கிருமி இருப்பதை அவர்களும் கண்டார்கள். ஆயினும், கரையோரத்து மக்கள் பலர் அந்நீரைக் குடித்தும் நோயுறவில்லையே, ஆகவே கிருமி காரணமன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். 1885-இலே மருத்துவர் குழுவொன்று கூடி அந்த அறிக்கைக்கு ஆதரவு தந்தது. கூடிய இடம் இலண்டன். அந்த நகரிலே, வடிகட்டாத ஆற்றுநீரைக் குடிமக்களுக்கு வழங்கலாகாது என்று பாராளுமன்றம் சட்டம் செய்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.