கிருமியின் பூட்டு

1940-ம் வருஷம் ஜூன் மாதம் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன் சீட்டு வந்தது. ஊரே அரைவயிறாகக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், சோர்பான் சர்வகலாசாலையில் முப்பது வயது மனிதர் ஒருவர் கிருமிகளுக்கு வகைவகையாகச் சர்க்கரை வைத்துக்கொண்டிருந்தார். ழாக் மோனோ என்று பெயர்.

கதை எழுதுகிறவனுக்கு இவரைப்போல ஒரு பாத்திரம் கிடைப்பது அபூர்வம். செல்லோ வாத்தியத்தில் தேர்ந்தவர். சங்கீதமா, விஞ்ஞானமா என்று வெகுகாலம் ஊசலாடியவர். 1936-ல் கிரீன்லாந்துக்குப் போகும் கப்பலில் ஏறவேண்டியவர், கடைசியில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்விட்டார். அந்தக் கப்பல் ஐஸ்லாந்துக் கரையருகே பாறையில் மோதி, ஒரே ஒருவரைத் தவிர அத்தனை பேரும் மாண்டார்கள். நாவலில் இதை எழுதினால், ஆசிரியர் தம் சௌகரியத்துக்குக் கதையை வளைக்கிறார் என்று நீங்களே சொல்வீர்கள்.

சர்க்கரைக்கு வருவோம். நம் குடலில் குடியிருக்கும் ஈ. கோலி என்ற கிருமிக்குக் குளுகோஸையும் பாலிலுள்ள சர்க்கரையையும் கலந்து வைத்தால், அது இரண்டையும் சேர்த்து உண்பதில்லை. முதலில் குளுகோஸைத் தீர்க்கிறது. பிறகு பெருகுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கிறது. அப்புறந்தான் பால் சர்க்கரையில் கை வைத்து மறுபடி பெருகத் தொடங்குகிறது. இத்தகைய நடுத்தேக்கத்தைத்தான் மோனோ தம் வரைபடங்களில் கண்டார். பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஆந்த்ரே ல்வோஃபிடம் காட்டிக் காரணம் கேட்டார். பால் சர்க்கரையை வெட்டும் என்ஸைமை அந்த இடைவெளியில்தான் கிருமி தயாரித்துக்கொள்கிறது போலும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அந்த ஒரு யோசனையைப் பற்றிக்கொண்டு மோனோ இருபது வருஷம் நடந்தார்.

நடுவே யுத்தம். மோனோ ரகசிய எதிர்ப்புப் படையில் சேர்ந்தார். ஆராய்ச்சி அறைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்புகளுக்குள் ரகசியக் காகிதங்களை ஒளித்து வைத்தாராம்! பிறகு சோர்பானில் இருப்பதே ஆபத்தாகி, ல்வோஃபின் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் தேடிக்கொண்டார்.

யுத்தம் முடிந்தபின் வேறொரு சண்டை. சூழ்நிலையை மாற்றினால் பரம்பரைக் குணமே மாறிவிடும் என்று சாதித்த லைசென்கோவின் கொள்கை, 1948-ல் சோவியத் நாட்டில் அரசாங்கச் சித்தாந்தமாயிற்று. யுத்தகாலத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்த மோனோ, அதே வருஷம் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். பழைய தோழர்களைப் பகைத்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஆனால் அவருடைய கிருமியே எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் அல்லவா இருந்தது? சர்க்கரையைக் கண்டதும் புதிய திறமை பெறுகிறதே! சர்க்கரை கற்றுக்கொடுக்கிறதா, அல்லது உள்ளே இருந்ததை எழுப்புகிறதா? இதற்கு விடை காணாமல் அவர் தூங்க முடியாது.

விடை வருவதற்கு இன்னொரு மனிதர் வேண்டியிருந்தது. பிரான்ஸுவா ழாகோப் 1944-ல் நார்மண்டியில் குண்டுவீச்சில் படுகாயமடைந்து, ரண வைத்தியராகும் ஆசையை இழந்தவர். 1950-ல் ல்வோஃபிடம் வந்து சேர்ந்தார். அவரும் மோனோவும், அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்தர் பார்டியும் கிருமிகளுக்குக் கல்யாணம் செய்து பார்த்தார்கள். என்ஸைம் செய்ய வகையற்ற ஒரு கிருமிக்குள், அதற்குரிய நல்ல ஜீன் இன்னொரு கிருமியிலிருந்து போய்ச் சேர்ந்தது. சர்க்கரை ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் என்ஸைம் உடனே உற்பத்தியாகத் தொடங்கியது! ஒரு மணி, இரண்டு மணி நேரம் சென்றபின் தானாக நின்றது. பிறகு சர்க்கரையை ஊற்றினால்தான் மறுபடி நடந்தது.

இதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஏவுகிறவன் யாருமில்லாமலே வேலை நடக்கிறது; யாரோ வந்து தடுத்ததும் நிற்கிறது. அப்படியானால் திறமை ஜீனில் எப்போதும் இருக்கிறது; அதன்மேல் ஒரு பூட்டும் இருக்கிறது. சர்க்கரை வாத்தியாரல்ல, சாவி.

பூட்டு எங்கே தொங்குகிறது? 1958 ஜூலையில் மனைவியோடு சினிமா பார்த்துக்கொண்டிருந்த ழாகோபுக்கு, நேராக ஜீனின் இழைமேலேயே என்று பளிச்சிட்டது. மோனோ லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. விவாதித்து விவாதித்து, 1961-ல் இருவரும் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். காவல் புரதம் ஒன்று ஜீன் வரிசையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பால் சர்க்கரையிலிருந்து பிறக்கும் ஒரு பொருள் வந்து ஒட்டியதும் அதன் பிடி தளர்ந்து விலகுகிறது. குளுகோஸ் நிறைய இருக்கும்வரை வேலை சூடுபிடிக்காதபடி வேறு கட்டுப்பாடும் உண்டு என்பது பிற்பாடு விளங்கிற்று. வேண்டாத என்ஸைமைச் செய்து உணவை வீணாக்கும் கிருமி, சிக்கனமான அண்டை வீட்டுக் கிருமியோடு போட்டியிட்டு நிற்க முடியுமா?

1965-ல் ல்வோஃப், மோனோ, ழாகோப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்போதுகூட அந்தக் காவல் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தவர் எவருமில்லை. மறு வருஷந்தான் ஹார்வர்டில் கில்பர்ட், முல்லர்-ஹில் என்ற இருவர் அதைப் பிடித்தார்கள். பிடிபடாமல் இத்தனை நாள் இருந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு கிருமிக்குள் அது இருப்பதே ஏறக்குறையப் பத்துத்தான்.