வேதிச்சிகிச்சையின் சிறுநீரகப் பக்க விளைவுகள்

வேதிச்சிகிச்சையின் சிறுநீரகப் பக்க விளைவுகள் என்பவை புற்றுநோய் மருந்துகளால் சிறுநீரகங்களிலும் சிறுநீர்ப்பையிலும் ஏற்படும் பாதிப்புகள் ஆகும். இம்மருந்துகளில் பலவும் அவற்றின் சிதைவுப் பொருட்களும் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் இவ்வுறுப்புகள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. இவற்றுள் பலவற்றை முன்கூட்டியே தடுக்க இயலும்.

சிசுபிளாட்டின்

இது பிளாட்டினம் அடங்கிய மருந்து. 1978 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. விரை, சூலகம், நுரையீரல் முதலியவற்றின் புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது. இது சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்களில் சேர்ந்து அவற்றை அழிக்கிறது. இதனால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு உயரும். மக்னீசியம் சிறுநீரில் இழக்கப்படும். தொடக்ககாலச் சோதனைகளில் இப்பாதிப்பு மருந்தின் பயன்பாட்டுக்கே தடையாக இருந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் சிரை வழியாக உப்புநீர் செலுத்தும் முறை அத்தடையைப் பெருமளவு நீக்கியது.

சைக்ளோபாசுபமைடு, ஐபாசுபமைடு

இவை உடலில் சிதையும்போது அக்ரோலீன் என்னும் நச்சுப்பொருள் உருவாகிறது. இது சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கி, குருதிக்கசிவுடன் கூடிய அழற்சியை உண்டாக்குகிறது. மெசுனா என்னும் மருந்து சிறுநீரில் அக்ரோலீனுடன் இணைந்து அதனைச் செயலிழக்கச் செய்கிறது. ஐபாசுபமைடு சிறுநீரக நுண்குழல்களையும் பாதிக்கக் கூடியது; சிறு குழந்தைகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

மெத்தோட்ரெக்சேட்டு

உயர் அளவில் கொடுக்கும்போது இம்மருந்து அமிலத்தன்மை கொண்ட சிறுநீரில் படிகமாகி நுண்குழல்களை அடைக்கலாம். இதனைத் தவிர்க்க மிகுதியான நீர்மமும், சிறுநீரைக் காரத்தன்மையாக்கச் சோடியம் பைகார்பனேட்டும் கொடுக்கப்படுகின்றன.

புற்றுக்கட்டிச் சிதைவு நோய்த்தொகை

இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றில் புற்றணுக்கள் ஒரே நேரத்தில் பெருமளவில் அழியும்போது யூரிக் அமிலம், பொட்டாசியம், பாசுபேட்டு ஆகியன இரத்தத்தில் கலக்கின்றன. யூரிக் அமிலம் படிகமாகிச் சிறுநீரகம் செயலிழக்கக் கூடும். அல்லோபியூரினால், ராசுபுரிகேசு ஆகியவை தடுப்பாகப் பயன்படுகின்றன.

சிறுநீரின் நிறமாற்றம்

டாக்சோரூபிசின் மருந்து ஓரிரு நாட்களுக்குச் சிறுநீரைச் சிவப்பாக்கும். இது மருந்தின் நிறமே, தீங்கற்றது. ஆனால் இம்மருந்து பெரும்பாலும் சைக்ளோபாசுபமைடுடன் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. எனவே, இரு நாட்களுக்குப் பின்னும் சிவப்பு நீடித்தாலோ, எரிச்சல், வலி, குருதிக்கட்டிகள் காணப்பட்டாலோ அதனைக் குருதியாகக் கருதி உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும். சிறுநீரின் அளவு குறைதல், கால் வீக்கம், காய்ச்சல் ஆகியனவும் எச்சரிக்கை அறிகுறிகளாகும்.

பொதுவான தடுப்பு முறைகள்

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் கிரியாட்டினின் அளவு சோதிக்கப்பட்டு, தேவையெனில் மருந்தின் அளவு குறைக்கப்படும். ஐபுபுரோபன் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக் கூடியவை என்பதால், மருத்துவரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது.