இரவல் ஆசிரியர்: அமெரிக்க ஆனர்ஸ் திட்டங்களில் பாடம் பிறக்கும் விதம்

நன்றாகப் படிக்கும் மாணவருக்கெனப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆனர்ஸ் திட்டங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாணவரைச் சுற்றியே நடக்கிறது. எத்தனை மதிப்பெண் பெற்றவரைச் சேர்ப்பது, உதவித்தொகை எவ்வளவு, தனி விடுதி வேண்டுமா, பட்டச் சான்றிதழில் என்ன அச்சிடுவது என்பவை முதலில் முடிவாகின்றன. அந்த மாணவர்முன் நிற்கப்போகிறவர் யார், அவர் நடத்தும் பாடம் எங்கிருந்து வரும், அதை எழுதும் நேரம் யார் கணக்கில் ஏறும் என்ற கேள்விகள் கடைசியில் வருகின்றன. சில இடங்களில் வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆனர்ஸ் திட்டத்தின் தரம் சேர்க்கைப் பட்டியலைவிட ஆசிரியரின் பணி எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. பாடம் உருவாக்குவது துறையின் பணிக் கணக்கில் ஏறிய வேலையாகவும், வெளியார் பார்வைக்கு வந்தே தீரவேண்டிய வேலையாகவும் இருக்குமிடத்தில் பாடம் வேர்பிடிக்கிறது. ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி விட்டுவிட்டால், அவர் விலகும் நாளில் பாடமும் விலகிவிடுகிறது.

இதற்கான முதல் சான்று அமெரிக்க ஆனர்ஸ் கல்வியின் தொடக்கக் காலத்திலேயே கிடைக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே உள்ள ஸ்வார்த்மோர், குவேக்கர் சமயத்தார் நிறுவிய சிறிய கல்லூரி. 1921இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் அய்டலாட், இந்தியானா மாநிலத்துக்காரர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கக் கல்லூரிகள் எல்லா மாணவரையும் ஒரே நடையில் அணிவகுக்க வைக்கின்றன என்பது அவருடைய நீண்டநாள் மனக்குறை. 1944இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே அந்த அணிநடையை உடைப்பதைப் பற்றியதுதான். 1922இல் ஆங்கில இலக்கியம், சமூக அறிவியல் என்ற இரு பிரிவுகளில் 11 மாணவர்களோடு ஆனர்ஸ் திட்டம் தொடங்கியது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு வழக்கமான விரிவுரை வகுப்பும் இல்லை, பருவந்தோறும் மதிப்பெண்ணும் இல்லை. ஒரு பருவத்துக்கு இரண்டு கருத்தரங்க வகுப்புகள் மட்டும். ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒருமுறை, பல மணி நேரம். ஒரு மாணவர் எழுதிய கட்டுரை மேசைக்கு வரும். மற்ற நான்கைந்து பேர் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார்கள். பேராசிரியரும் அதே மேசையில் ஒரு நாற்காலியில் இருப்பார். இரண்டாண்டு முடிவில் தேர்வு வைப்பது அவர் வேலையன்று. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து அழைக்கப்பட்ட புறத்தேர்வாளர்கள் எழுத்துத் தேர்வை மதிப்பிட்டு, பிறகு கல்லூரிக்கே வந்து ஒவ்வொரு மாணவரையும் நேரில் கேள்வி கேட்டுத் தரம் வகுத்தார்கள்.

புறத்தேர்வாளர் முறையைக் கடுமையான தேர்வு என்ற அளவில் மட்டும் பார்ப்பவர்கள் அதன் பாதிப் பயனைத் தவறவிடுகிறார்கள். அது மாணவரைச் சோதித்ததைக் காட்டிலும் ஆசிரியரின் இடத்தை மாற்றியமைத்ததுதான் பெரிய காரியம். மதிப்பெண் போடும் அதிகாரம் கையைவிட்டுப் போனதும் பேராசிரியர் மாணவரின் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இருவரும் சேர்ந்து ஒரு மூன்றாமவரை எதிர்கொள்கிறார்கள். அந்த மூன்றாமவருக்குப் பாடத்தின் எல்லையையும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலையும் அனுப்பியாக வேண்டும். எந்த நூல் ஏன் இடம்பெற்றது, எந்தக் கேள்விக்குப் பிறகு எந்தக் கேள்வி வரவேண்டும் என்பதை முன்பின் தெரியாத ஒரு நிபுணருக்கும் விளங்கும்படி எழுதிவைக்கும் கட்டாயம் அப்போது ஏற்படுகிறது. தன் வகுப்புக்குள் மட்டும் வாழும் பாடக்குறிப்பு ஆண்டுக்காண்டு பழுப்பேறிக்கொண்டே போகலாம், கேட்பாரில்லை. அதே துறையில் வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர் வாசிக்கப்போகும் குறிப்பை அப்படி விட முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்தரங்கம் பெருஞ்செலவு பிடிக்கும் முறை. அய்டலாட் அதை ஆசிரியர்களின் தியாகமாக விட்டுவிடவில்லை, பணம் திரட்டினார். 1920களில் ராக்ஃபெல்லர் நிதியில் இயங்கிய பொதுக் கல்வி வாரியம் கைகொடுத்தது. கருத்தரங்கம் ஆசிரியரின் முறையான பணியாகவே எண்ணப்பட்டது. வழக்கமான வேலை முடிந்தபின் செய்யும் தொண்டாக எண்ணப்படவில்லை.

இந்த ஏற்பாடு பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போனபோது அதன் எலும்புக்கூடு மாறிவிட்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஜோசப் கோஹன் முன்னின்று 1957இல் போல்டர் நகரில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதிலிருந்து கார்னகி அறக்கட்டளையின் துணையுடன் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒரு குழு உருவாகி 1965 வரை இயங்கியது. ஸ்புட்னிக் பறந்த ஆண்டும் 1957தான் என்பதால் அமெரிக்க அரசும் மக்களும் இந்தப் பேச்சுக்குக் காதுகொடுத்தார்கள். அக்குழு கலைந்தபின் 1966இல் தேசிய கல்லூரி ஆனர்ஸ் மன்றம் பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வளாகத்தில் எல்லாத் துறைக்கும் பொதுவான ஆனர்ஸ் திட்டம் என்ற வடிவம் இப்படிப் பரவியது. பெரும்பாலான இடங்களில் அந்தத் திட்டத்துக்கு ஓர் இயக்குநரும் ஓர் அலுவலகமும் உண்டு, ஆசிரியர்கள் கிடையாது. வேதியியலிலிருந்து ஒருவர், வரலாற்றிலிருந்து ஒருவர் என்று துறைகளிடம் இரவல் வாங்கித்தான் வகுப்பு நடத்த வேண்டும். மன்றம் 1994இல் வகுத்த அடிப்படைப் பண்புகளின்படி பட்டப்படிப்பில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை ஆனர்ஸ் பாடமாக இருப்பது வழக்கம். எந்நிலையிலும் 15 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. 120 மதிப்பலகு (கிரெடிட்) கொண்ட பட்டத்துக்குக் குறைந்தது 18. இத்தனையும் இரவல் ஆசிரியரை வைத்து நடக்க வேண்டும்.

அந்த இரவல் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். ஆனர்ஸ் அலுவலகம் அடுத்த ஆண்டுக்கான பாட முன்மொழிவுகளைக் கேட்டு எல்லா ஆசிரியர்களுக்கும் கடிதம் அனுப்புகிறது. உதாரணத்துக்கு, ஆறுகளைப் பற்றி நிலவியலும் வரலாறும் கலந்த ஒரு வகுப்பை நடத்த ஒருவர் விரும்புகிறார் என்று கொள்வோம். முன்மொழிவு எழுதுகிறார், ஆனர்ஸ் குழு ஒப்புகிறது. பிறகுதான் துறைத் தலைவரின் மேசைக்குப் போகிறது. அங்கே கால அட்டவணை விரிந்து கிடக்கிறது: முதலாண்டு நிலவியலுக்கு 120 பேர் பதிந்திருக்கிறார்கள், அதை யார் நடத்துவது? ஆனர்ஸ் அலுவலகத்திடம் பணமிருந்தால் பதிலுக்கு ஒரு பகுதிநேர ஆசிரியரை அமர்த்தும் தொகையைத் துறைக்குத் தரும். பணமில்லையென்றால் துறைத் தலைவரின் பெருந்தன்மைதான் ஒரே வழி. அதுவும் கிட்டாத இடங்களில் ஆனர்ஸ் ஒப்பந்தம் என்ற முறை வந்து நிற்கிறது. வழக்கமான வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரே ஒரு மாணவர் கூடுதலாக ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஆசிரியரோடு எழுத்தில் உடன்பட்டால், அவருக்கு மட்டும் அது ஆனர்ஸ் பாடம் ஆகிவிடும். அந்தக் கட்டுரையை வழிநடத்தும் மணிநேரங்கள் பல இடங்களில் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புதிய பாடம் எதுவும் பிறப்பதில்லை. பழைய பாடத்தோடு ஒரு வால் ஒட்டப்படுகிறது. அக்கறையுள்ள ஆசிரியர் கையில் அந்த ஒப்பந்தமும் நல்ல ஆய்வாக மலரக்கூடும். ஆனால் ஒரு திட்டம் பெருமளவு ஒப்பந்தங்களில் நிற்கிறதென்றால் அதற்குப் பாடத்திட்டம் இல்லை என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் ஆனர்ஸுக்கென்றே நிரந்தர ஆசிரியர்களை அமர்த்திவிடலாமே என்பது முதல் மறுப்பு. ஆனர்ஸ் கல்லூரி என்று தனிக் கல்லூரியாகவே அமைத்துக்கொண்ட சில பல்கலைக்கழகங்கள் அந்த வழியில் சென்றிருக்கின்றன. அட்டவணைச் சிக்கல் அதில் தீரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே வேறொரு இழப்பு நேர்கிறது. ஆனர்ஸ் வகுப்பு பெரும்பாலும் 20 பேரோடு நின்றுவிடும் சிறிய வகுப்பு. புதிய பாடத்தை, இரு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பாடத்தை, தோற்றுப்போனாலும் பெரிய சேதமில்லாமல் முயன்று பார்க்க ஏற்ற இடம். அங்கே தேறிய முறையை ஆசிரியர் தன் துறைக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுபோகிறார். துறைக்குத் திரும்பாத ஆசிரியரிடம் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே இரவல் முறையில் உள்ள குறை இரவல் வாங்குவதில் இல்லை. கணக்கெழுதாமல் வாங்குவதுதான் குறை. ஒரு பாடத்தை உருவாக்கும் பருவத்தில் பணிச்சுமைக் குறைப்பு, உருவான பாடத்தை மூன்று நான்கு முறையேனும் நடத்தும் உறுதி, பதவி உயர்வுக் குழு அதை ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் பணியாக எண்ணுவது ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் இரவல் முறையே மேலானது.

பாடம் உருவாக்குவதை ஆசிரியரின் தனிமை வேலையாக விடாத முயற்சிகளும் இந்த மரபுக்குள்ளேயே உண்டு. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் பெர்னிஸ் பிரெய்ட், 1970களில் தொடங்கிய ‘ஆனர்ஸ் பருவங்கள்’ என்ற களப்படிப்பின் அனுபவத்திலிருந்து நகரத்தையே ஏடாகப் படிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். மாணவர்கள் சிறு குழுக்களாகத் தெருவில் இறங்குவார்கள். வரைபடம் வரைவது, உற்று நோக்குவது, அங்குள்ளவர் பேச்சைக் கேட்பது, பிறகு தாம் கண்டதை எண்ணிப் பார்த்து எழுதுவது என்ற நான்கு செயல்களே பாடம். இதில் என்னைக் கவர்வது வேறொரு கூறு. இம்முறையைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்கள் முதலில் பயிலரங்குக்கு வந்து, அறியாத ஓர் ஊரின் தெருவில் தாமே மாணவராக நடந்து, குறிப்பெழுதி, அதைச் சக ஆசிரியர்முன் வைத்துப் பேச வேண்டும். ஸ்வார்த்மோரில் புறத்தேர்வாளர் செய்த வேலையை இங்கே அந்தப் பயிலரங்கு செய்கிறது: பாடம் மூடிய வகுப்பறையை விட்டு இன்னோர் ஆசிரியரின் பார்வைக்கு வருகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஆனர்ஸ் கல்லூரியிலும் இதன் சாயல் உண்டு. அந்நகரின் கலைகள், அங்கு குடியேறிய மக்கள், அறிவியலும் தொழில்நுட்பமும், நகரின் எதிர்காலம் என்று நான்கு பொதுக் கருத்தரங்கங்கள். தலைப்பு எல்லா வளாகங்களுக்கும் ஒன்று, உள்ளே வைக்கும் பாடம் அந்தந்த ஆசிரியருடையது. பொதுத் தலைப்பு இருப்பதால் ஒருவர் விலகினாலும் பாடம் நிற்கிறது. உள்ளடக்கம் அவரவருடையது என்பதால் அது உறைந்துபோவதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது; நியாயமானதும்கூட. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவருக்குச் சிறந்த ஆசிரியரையும் சிறிய வகுப்பையும் கொடுத்துவிட்டு, மற்ற நூற்றுக்கணக்கானோரைப் பகுதிநேர ஆசிரியரிடம் தள்ளுவது எந்த வகை நீதி? நான் மேலே சொன்ன அந்த 120 பேர் வகுப்புக்கு வந்து நிற்பவர் குறைந்த ஊதியத்தில், பணிப் பாதுகாப்பின்றி, சொந்த அறைகூட இல்லாமல் வேலை செய்பவராக இருக்கக்கூடும். ஆனர்ஸ் அலுவலகம் துறைக்குக் கொடுக்கும் மாற்றுத்தொகை இந்த அநீதியை விலைகொடுத்து வாங்குவதாகவே முடியலாம். புளிப்பு மாவு போல ஆனர்ஸ் பாடம் முழுக் கல்லூரியையும் பொங்கச் செய்யும் என்ற பதில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது தானாக நடக்குமென்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. நடக்க வைக்கலாம். பணிச்சுமைக் குறைப்புப் பெற்று ஆனர்ஸ் பாடம் உருவாக்கிய ஆசிரியர், இரண்டாண்டுக்குள் அதன் ஒரு பகுதியையாவது பொது வகுப்பில் நடத்த வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். மாற்றுத்தொகையைப் பருவத்துக்குப் பருவம் சிதறடிக்காமல் சேர்த்து, துறையில் ஒரு நிரந்தரப் பணியிடமாக்கலாம். இவை இல்லாத திட்டத்துக்கு எதிராக அந்த மறுப்பு முழுமையாக நிற்கிறது.

புறப்பார்வை ஆசிரியரின் சுதந்திரத்தைக் கட்டிப்போடும் என்பாரும் உண்டு. தேர்வாளர் என்ன கேட்பாரோ என்று அஞ்சி நடத்தும் பாடம் தேர்வுக்கான பாடமாகச் சுருங்கும் என்பது அவர்கள் கவலை. ஸ்வார்த்மோரின் பிற்கால வரலாறு இதில் ஓரளவு அவர்கள் பக்கம் சாய்கிறது. அங்கேயே ஆனர்ஸ் பக்கம் வரும் மாணவர் குறைந்து, 1990களின் நடுவில் ஆசிரியர்கள் திட்டத்தைத் தளர்த்தியமைத்தார்கள். கருத்தரங்கம் மட்டுமன்றி இணைத்துப் படித்த இரு பாடங்கள், ஆய்வேடு, கலைப் படைப்பு ஆகியவையும் தேர்வுக்கு வைக்கலாம் என்றானது. ஆனால் எதை மாற்றினாலும் புறத்தேர்வாளரை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. பாடத்தின் வடிவம் நெகிழலாம், பாடத்தை வெளியார் காண்பது நெகிழக்கூடாது என்று முக்கால் நூற்றாண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் குழு எடுத்த முடிவாகவே இதை நான் வாசிக்கிறேன்.

இந்தியாவில் இந்த விவாதம் இப்போது வேறொரு கதவைத் தட்டுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 மதிப்பலகும் நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 மதிப்பலகும் வகுத்தது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸைத் தேர்ந்தெடுத்து 12 மதிப்பலகுக்கு ஆய்வுத் திட்டம் செய்யலாம். மாணவருக்கான வாயில் எண்ணில் எழுதப்பட்டுவிட்டது. அதே குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் பணி. நான்காம் ஆண்டு மாணவர் ஐந்து பேரின் ஆய்வை வழிநடத்தும் நேரம் அந்த 16 மணிக்குள் வருமா, அதற்கு மேலா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் கால அட்டவணை போடும் முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.