கடல் இருந்த இடத்தில் எங்கள் வீடு

எழுபதுகளில் மரின் பரேட் வீட்டுக்குக் குடிவந்தபோது, "இது மண்ணில்லடா, கடல்" என்றார் அப்பா. உண்மைதான். 1966இல் சிங்கப்பூர் தன் கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியது. பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டிய மண் கடலுக்குள் போனது. காத்தோங் பக்கம் அலை தடுத்த பழைய சுவர்கள் இன்றும் கடலுக்கு வெகு தூரத்தில் நிற்கின்றன. பேரனைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் மாடியில் சீனர், மலாய்க்காரர், நாங்கள். தீபாவளி முறுக்கும் பெருநாள் கேத்துப்பாட் சோறும் கதவு கதவாகப் போகும். ஆனால் எல்லாப் பேட்டைகளிலும் இப்படி அமையவில்லை. எண்பதுகளில் பிடோக்கிலும் தெம்பனிஸிலும் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், யீஷூனில் இந்தியர் என ஒன்றுசேரத் தொடங்கினர். இதைத் தடுக்க, 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் வரம்பு 2010இல் 15 ஆனது.

கலந்து வாழ்ந்தவன் நான். கொள்கை சரி என்றே சொல்வேன். ஆனால் சுமை சமமாக விழவில்லை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவு, விலையும் இறங்கும். கூடி வாழ்வதற்கான விலையைச் சிறுபான்மையினரே கூடுதலாகக் கொடுப்பது நியாயமில்லை. இப்படி விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது.