குரண்டிப் பள்ளியும் நாலடி வெண்பாவும்

விருதுநகர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆவியூரை அடுத்துக் குரண்டி என்னும் சிற்றூர் உள்ளது. பாண்டியர் காலத்தில் வெண்பு நாட்டைச் சேர்ந்திருந்த இவ்வூரில் 'திருக்காட்டாம்பள்ளி' என்னும் பெயருடைய சமணப் பள்ளி சிறந்து விளங்கியது. அதன் பெருமையை அறிய, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் செல்லவேண்டும். அங்குச் செட்டிப்புடவிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, குரண்டி அட்டோபவாசி படாரரையும், அவர் மாணாக்கர் குணசேனதேவரையும், அவர்தம் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகளையும் வரிசையாகக் கூறுகின்றது. குயிற்குடி ஊரார் பெயரால் கனகவீரப் பெரியடிகள் செய்வித்த திருமேனியே அது. ஆசிரியர், மாணாக்கர், அவர்தம் மாணாக்கர் என மூன்று தலைமுறைக் கல்வி மரபு ஒரே கல்லில் நிற்கின்றது.

அக்காலத்துப் 'பள்ளி' என்ற சொல்லே இன்று கல்விச்சாலைக்குரிய பொதுப்பெயராயிற்று. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களில் சாத்திர தானத்தை முனிவர்கள் இல்லறத்தார்க்கு எவ்வாறு வழங்கினர்? ஏட்டுச்சுவடி அரிது, எழுதப் படிக்க அறிந்தோர் சிலர். ஆகவே செவிவழி புகுந்து நெஞ்சில் தங்கும் வடிவம் வேண்டியதாயிற்று. வெண்பா அதற்குப் பொருந்தியது. நான்கே அடிகள், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை, சீர்தோறும் துணைசெய்யும் மோனை. ஓரடி மறந்தாலும் முன்னடியின் எதுகை அதனை நினைவூட்டும்.

இவ்வகையில் தலைசிறந்தது நாலடியார். பாண்டியனைப் பிரிந்த எண்ணாயிரம் முனிவர் விட்டுச்சென்ற ஏடுகள் வையையில் இடப்பட, எதிர்நீச்சலிட்டுக் கரைசேர்ந்தவை இந்நானூறு என்பது மரபுவழிச் செய்தி. பதுமனார் அவற்றை 40 அதிகாரங்களாக வகுத்தார். 1893இல் ஜி.யு. போப் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்.

நாலடியாரோடு அது முடியவில்லை. முன்றுறை அரையனார் பழமொழி நானூற்றில் வெண்பாதோறும் மக்கள் வழக்கிலிருந்த ஒரு பழமொழியை அமைத்தார். காரியாசான் இயற்றிய சிறுபஞ்சமூலமும் கணிமேதாவியார் இயற்றிய ஏலாதியும் மருந்தின் பெயரையே தாங்கின. கண்டங்கத்தரி, நெருஞ்சி முதலிய ஐந்து வேர்கள் உடற்பிணி தீர்ப்பதுபோல், வெண்பாவிற்கு ஐந்து கருத்துகள் உளப்பிணி தீர்க்கும் என்பது சிறுபஞ்சமூலத்தின் கருத்து. ஏலம், இலவங்கம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலிய ஆறும் கூடிய மருந்தைப்போல் ஏலாதியில் வெண்பாவிற்கு ஆறு கருத்துகள். இவ்விருவரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர் என்பர். ஔடத தானமும் சாத்திர தானமும் ஒன்றாய்க் கலந்த இடம் இந்நூல்கள்.

கல்லோ சிதறியது. குரண்டிப் பள்ளிக்குரிய கல்வெட்டைத் திருச்சுழியை அடுத்த பள்ளிமடம் காளைநாதர் கோயிலிலேதான் இன்று காணமுடிகின்றது. அருப்புக்கோட்டைப் பகுதியிலுள்ள கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் முதலாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டும் எஞ்சியுள்ளன. விளக்கெரித்த கைகள் அங்கில்லை.

சொல்லோ சிதறவில்லை. பல்துலக்கும் ஆலையும் வேலையும் கூறும் நாட்டுப் பழமொழி, நாலடியையும் குறளையும் சொல்லுக்கு உறுதியெனச் சேர்த்தே போற்றுகின்றது. சமயம் கடந்து தமிழர் அனைவரும் ஏற்ற புகழ் இது. கற்பணியைக் காக்க அரசும் பொருளும் வேண்டும். வெண்பாவைக் காக்க வீட்டில் ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்டால் போதும். அதனால்தான் பள்ளிகள் அழிந்த பின்னும் அது வாழ்ந்தது.

இன்று அதே மாவட்டத்துச் சிவகாசி அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் தினசரி நாட்காட்டிகளில், தேதியின் அடியில் ஓர் அறவுரை இருக்கின்றது. அத்தாள் மறுநாள் கிழிக்கப்படுகின்றது. நெஞ்சில் ஏறிய வெண்பா கிழிவதில்லை. தசலட்சண நாள்கள் பத்திலும் நாளுக்கொரு நாலடி வெண்பாவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பொருள் விளக்கும் இல்லம், குரண்டி முனிவர் வழங்கிய சாத்திர தானத்தைத் தொடர்ந்து நடத்தும் பள்ளியாகும்.