நோவாகார்டுக்கு உயிரூட்டுதல்

வீணையின் தந்தி அறுந்தால் வேறு தந்தி கட்டலாம். மிருதங்கத்தின் தோல் கிழிந்தால் புதுத் தோல் போர்த்தலாம். மின்சாரத்தால் பாடும் பழைய கருவி ஊமையாகிவிட்டால் எங்கே கை வைப்பது? பெரும்பாலும் அதன் வயிற்றில்தான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, பக்குவப்படுத்தி, மற்ற உறுப்புகளுக்குப் பங்கிடும் பகுதியையே வயிறு என்கிறேன். ரேடியோ பழுது பார்ப்போர் அதைப் 'பவர் சப்ளை' என்பர். நோவாகார்டு என்னும் அமெரிக்கக் கருவியைக் கொண்டு அந்தப் பகுதியின் கதையை இன்று கூற விரும்புகிறேன்.

சிகாகோ நகரத்து லாரன்ஸ் ஹாமண்ட் முதலில் மின் கடிகாரம் செய்தவர். வினாடிக்கு அறுபது முறை துடிக்கும் அமெரிக்க மின்சாரத்தோடு ஒத்துச் சுழலும் மோட்டாரே அவருடைய கடிகாரத்தை ஓட்டியது. அதே வகை மோட்டாரைக் கொண்டு பற்சக்கரங்களைச் சுழற்றி, 1935-ஆம் ஆண்டில் ஓர் ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குச் சுருதி கூட்டும் வேலையே இல்லை. மின் நிலையமே சுருதி கொடுத்தது!

1939-இல் வந்த நோவாகார்டு வேறு இனம். அதில் சுழலும் பற்சக்கரம் கிடையாது; 163 வால்வுகள் உண்டு. மேல் ஸ்தாயியின் பன்னிரண்டு சுரங்களைப் பன்னிரண்டு வால்வுச் சுற்றுகள் பிறப்பிக்கும். ஒவ்வொன்றின் அதிர்வையும் பாதி பாதியாகக் குறைத்துக் கீழ் ஸ்தாயிகளைப் பெறுவர். இவ்வாறு ஆறு ஸ்தாயிகள், 72 கட்டைகள். எத்தனை கட்டைகளை ஒருங்கே அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும். அவ்வாண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெர்டி குரோஃபே இக்கருவிகளைக் கொண்டே ஒரு வாத்தியக் குழுவை நடத்தினார். அதே 1939-இல் வேரா லின் பாடிப் புகழ்பெற்ற போர்க்காலப் பாட்டின் இசைத்தட்டில் துணையாக ஒலிப்பதும் நோவாகார்டுதான். நான் அக்கருவியை நேரில் கண்டவனல்லன். அந்த இசைத்தட்டில் கேட்டிருக்கிறேன். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கருவிகளே செய்யப்பட்டன. போரினால் உதிரிப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு நேர, 1942-இல் உற்பத்தி நின்றது. பிறகு அது தொடரவே இல்லை.

ஹாமண்டின் ஆர்கன் மின் நிலையத்தினிடம் சுருதியைக் கேட்டது. நோவாகார்டு உணவை மட்டுமே கேட்டது. அந்த உணவும் பக்குவமாக வேண்டும். முதலில் மின்மாற்றி, வால்வுகளின் இழைகளைச் சுட வைக்கத் தாழ்ந்த அழுத்தத்தையும், அவற்றின் தகடுகளுக்கென உயர்ந்த அழுத்தத்தையும் தருகிறது. அடுத்து ரெக்டிபையர், முன்னும் பின்னும் ஓடும் மின்சாரத்தை ஒரே திசையில் திருப்புகிறது. அங்கேயும் அது வினாடிக்கு 120 முறை பொங்கித் தணிகிறது. கண்டென்சர்களே அந்தப் பொங்கலை அடக்கிச் சீராக்க வேண்டும். அவை தளர்ந்தால் எல்லாச் சுரங்களுக்கும் அடியில், எந்த ராகத்துக்கும் சேராத சுருதியாய், ஓர் உறுமல் கேட்கும்.

கண்டென்சருக்கு முதுமை விரைவில் வருகிறது. அலுமினியத் தகட்டின்மேல் படிந்த மிக மெல்லிய படலமே அதற்குக் காப்பு. பல்லாண்டு மின்சாரமின்றிக் கிடந்தால் படலம் நலிகிறது. உள்ளே காகிதத்தில் ஊறிய திரவமும் உலர்கிறது. அந்நிலையில் திடீரென்று முழு அழுத்தம் கொடுத்தால் கண்டென்சர் குறுக்காகிவிடும். ரெக்டிபையரும் மின்மாற்றியும் அந்தச் சுமையைத் தாங்கமாட்டா.

இதை நான் நூலில் படித்து அறிந்தவனல்லன். என் பெரியப்பா காலமான பின், அவர் வீட்டுப் பரணில் கிடந்த வால்வு ரேடியோவை இறக்கினோம். துடைத்து மேசைமேல் வைத்ததும், பெரியம்மா அருகில் வந்து அமர்ந்தார். ஆவல் பொறுக்காமல் நேரே சுவிட்சைப் போட்டேன். அரை நிமிஷம் ஒரு முனகல், பிறகு தார் உருகும் நாற்றம், பின்பு புகை. மின்மாற்றி எரிந்துபோயிற்று. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார். அந்த மௌனம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பழகியவர் கை இவ்வாறு அவசரப்படாது. முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். ஆகவே ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டே உள்ளே கை வைப்பார். மின்மாற்றியின் சுற்றுகளைத் தனித்தனியே சோதிப்பார். பிறகு வேரியாக் கொண்டு அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவார். அல்லது ஒரு சீரிஸ் பல்பைக் குறுக்கே நிறுத்துவார். பல்பு மங்காமல் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு என்று பொருள்.

இனி ஒரு தர்மசங்கடம். நோவாகார்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்டென்சர்கள் உண்டு. நலிந்தவற்றை எல்லாம் மாற்றினால் மிஞ்சுவது பழைய கருவிதானா? மாற்றாமல் காட்சிப் பொருளாக வைத்தால் வடிவம் பிழைக்கும், குரல் பிழைக்காது. சிலர் பழைய கண்டென்சரின் கூட்டைக் குடைந்து, அதனுள் புதியதைப் பொதிந்து வைக்கின்றனர். எனக்கு அது சரியென்றே படுகிறது. கோயில் தேருக்குப் புது வடம் பூட்டுகிறோம். அதனால் அது வேறு தேராகிவிடுமா? ஆனால் கழற்றியது எது, பூட்டியது எது என்று எழுதிக் கருவியினுள்ளேயே வைத்துவிட வேண்டும். பின்னால் திறப்பவனுக்கு நாம் செய்யும் கடமை அது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரேடியோவோ வாத்தியமோ உறங்கலாம். அது பாடுமா என்று பார்க்க ஆவல் எழும், இயல்புதான். ஆயினும் சுவிட்சைப் போடுமுன் அறிந்தவர் ஒருவரை அழையுங்கள். அத்தனை ஆண்டுகள் காத்திருந்த பொருள், இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும்.