மணவீட்டில் விருந்தினரின் வண்ணம்: ஒரு வரலாற்றுப் பார்வை

சுபமுகூர்த்த நாட்களில் நம் ஆலயங்களின் திருமண மண்டபங்களில் தமிழன்பர்களோடு மலாய், சீன நண்பர்களும் வந்தமர்ந்து மணமக்களை வாழ்த்துவதை நாம் காண்கிறோம். அவ்வாறே அவர்கள் இல்லத்து மணவிழாக்களுக்கு நாமும் அழைக்கப்படுகிறோம். அழைப்பிதழ் கைக்கு வந்ததும் இல்லத்தரசியர் கேட்கும் முதற்கேள்வி, "எந்த நிறத்தில் உடுத்திச் செல்வது?" என்பதே. கேள்வி சிறிதாயினும், அதன் பின்னே பல நூற்றாண்டு வரலாறு மறைந்து கிடக்கிறது.

மலாக்காவும் மஞ்சளும்

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காவை ஆண்ட சுல்தான் முகமது ஷா, அரசவை நெறிமுறைகளை வகுத்தவர் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. மஞ்சள் நிறம் அரச குலத்தார்க்கே உரியது. குடிமக்கள் அந்நிறத்தில் உடுத்தலாகாது. கைக்குட்டை, திரைச்சீலை, தலையணை உறை ஆகியவற்றிலும் மஞ்சளைப் பயன்படுத்தலாகாது என்று அவர் விதித்ததாக அந்நூல் குறிப்பிடுகிறது. அரசனுக்கு வெண்குடையும் இளவரசர்களுக்கு மஞ்சட்குடையும் உரியன என்றும் அது சொல்கிறது. தமிழ் வேந்தரின் வெண்கொற்றக் குடையை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. இன்றும் அரண்மனை நிகழ்வுகளுக்குச் செல்லும் விருந்தினர் மஞ்சள் ஆடையைத் தவிர்ப்பது இம்மரபின் தொடர்ச்சியே.

ஆயினும் இவ்விதிக்கு ஓர் இனிய விலக்குண்டு. மலாய் மணமக்களை 'ராஜா செஹாரி', அதாவது ஒருநாள் அரசர் என்று அழைப்பர். பெலாமின் எனப்படும் அலங்கார மேடையில் அரசனும் அரசியும் போல அவர்கள் அமர்வர். மணமகன் இடையில் கிரிஸ் விளங்கும். மற்ற நாட்களில் குடிமகனுக்கு எட்டாத சிறப்பு அன்று ஒருநாள் அவனுக்குக் கிட்டுகிறது. அந்த ஒருநாள் அரசரின் நிறத்தை விருந்தினர் தாமும் உடுத்திப் போட்டியிடாதிருப்பது மரியாதை. மணமக்களின் நிறம் எதுவென முன்கூட்டியே கேட்டறியும் வழக்கம் இவ்வாறு பொருள் பெறுகிறது.

வெண்மையோ மலாய் அரச மரபில் துக்கத்தையும் குறிக்கும். சுல்தான் ஒருவர் மறைந்தால், துக்கம் காக்கும் ஆடவர் கறுப்புச் சொங்கோக்கைச் சுற்றி வெள்ளைத் துணிப்பட்டை அணிவர்.

செம்மையும் வெண்மையும்

சீனர் மரபில் சிவப்பு மங்கலத்தின் நிறம். மணமகளின் ஆடை, வாசலில் தொங்கும் துணி, அன்பளிப்பு வைக்கும் அங்பாவ் உறை யாவும் சிவப்பே. சாயமேற்றாத சணலாடையும் வெள்ளாடையும் பெற்றோரை இழந்தோர் உடுத்துபவை. இறப்பு வீட்டில் பணம் வைத்துக் கொடுக்கும் உறையும் வெண்ணிறமே. ஆகவே வெள்ளையிலோ கறுப்பிலோ மணவீட்டுக்குச் செல்வதை அவர்தம் முதியோர் விரும்புவதில்லை.

இடையில் மேற்கிலிருந்து மற்றொரு வழக்கம் வந்து சேர்ந்தது. 1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா மகாராணி வெண்பட்டு உடுத்தி இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தார். அதற்கு முன் ஆங்கிலேய மணப்பெண்கள் தம்மிடமுள்ள சிறந்த ஆடையை, எந்நிறமாயினும் உடுத்துவதே பெருவழக்கு. அரசியின் கோலம் செல்வர் இல்லங்களில் முதலிலும் பிறரிடம் பின்னரும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூர், பினாங்கு நகரங்களின் சீன மணமக்களும் வெள்ளைக் கவுன் அணிந்து நிழற்படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினர்.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். சீனர் மணவிழாவில் விருந்தினர் வெள்ளை உடுத்தலாகாது என்ற விதி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதன் காரணம் மாறிவிட்டது. பாட்டி, அது துக்கத்தின் நிறம் என்பார். பேத்தியோ, அது மணமகளின் நிறம் என்பாள். தேநீர்ச் சடங்கிலும் விருந்திலும் மணமகள் சிவப்பணிவதால், முழுச்சிவப்பையும் விருந்தினர் தவிர்ப்பது நலம் எனச் சிலர் கருதுவர். ஆக, விதிகள் இரண்டே: மணவீட்டாரின் துக்க நிறத்தைக் கொண்டு செல்லாதே, மணமக்களின் நிறத்தைப் பறித்துக்கொள்ளாதே.

நம் மரபு கூறுவது

அகநானூற்றின் 86ஆம் 136ஆம் பாடல்கள் பழந்தமிழர் மணநிகழ்வைக் காட்டுகின்றன. மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, உழுத்தங்களி, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுதல் ஆகியன முன்பாடலில் வருகின்றன. பின்பாடலில் மணமகள் தூய உடையில் பொலிகிறாள். இன்று நம் மணமகளுக்குரிய கூறைப்புடவை பெரும்பாலும் அரக்குச் சிவப்பு. மயிலாடுதுறையின் பகுதியான கூறைநாடு அத்தகைய புடவைக்குப் பெயர்பெற்ற நெசவூர். மணமகன் வெண்பட்டு வேட்டி உடுத்துகிறான். அவ்வேட்டியின் ஓரத்தில் மஞ்சள் தடவினால் அது மங்கலமாகிவிடுகிறது. மலையாள அன்பர்களுக்கோ பொற்கரையிட்ட வெண்ணிறக் கசவே மங்கல உடை. கறுப்பை மணவீட்டில் தவிர்க்கும் நாம், மாலையணிந்த ஐயப்ப அன்பரின் கறுப்பு உடையை வணங்குகிறோம். அரண்மனையில் தவிர்க்கும் மஞ்சளை, 1892 முதல் பத்துமலையில் நடைபெறும் தைப்பூசத்தில் அடியார் பல்லாயிரவர் உடுத்துகின்றனர். எனவே நிறத்திற்கென்று தனித்த நன்மையோ தீமையோ இல்லை. அது நிற்கும் வாசலே அதற்குப் பொருள் தருகிறது.

ஒரு செம்மலர்

இவ்விடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தந்தையார் மறைந்தபின், அக்கால வழக்கப்படி அவர் வெள்ளைப் புடவையே உடுத்தினார். உறவினர் திருமணங்களில் மண்டபத்தின் கடைசித் தூணருகே நிற்பார். அல்லது சமையற்கட்டில் இருந்துவிடுவார். அண்டை வீட்டுச் சீனக் குடும்பத்தில் பேரனுக்கு மணம் கூடியது. எங்களை அழைத்திருந்தார்கள். "நம் வீட்டு மணவறைக்கே ஆகாத வெள்ளை, அவர்கள் வீட்டுக்கு மட்டும் எப்படி ஆகும்? நீங்கள் போய் வாருங்கள்" என்று தாயார் சொல்லிவிட்டார்.

நாங்கள் போபோ என்றழைக்கும் அவ்வீட்டு மூதாட்டி, தாயார் வரவில்லையென்று கண்டதும் தாமே எங்கள் வாசலுக்கு வந்தார். ஒரு சொல்லும் விளக்கம் கேட்கவில்லை. கையிலிருந்த சிவப்புத் துணிப்பூவைத் தாயாரின் புடவைத் தோளில் ஊசியால் குத்தினார். "மாரி, மாக்கான்" என்று இருவருக்கும் தெரிந்த மலாயில் அழைத்துக் கைப்பிடித்துக் கூட்டிச் சென்றார். குடும்பத்தார் அமர்ந்த மேசையிலேயே தாயாருக்கும் இடம் தரப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து என் தங்கையின் திருமணம். தாயார் சந்தன நிறப் புடவையில் வந்து மணவறையின் அருகில் நின்றார். முணுமுணுத்தவர் சிலர் உண்டு. தாயார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அச்செம்மலர் அவருடைய பெட்டியில் நெடுநாள் இருந்தது.

நிறைவாக

மணவீட்டாரின் மரபறிந்து உடுத்திச் செல்வது விருந்தினரின் கடமை. ஐயமிருப்பின் முன்பே கேட்டறிவதில் இழுக்கொன்றுமில்லை. அழைப்பிதழில் நிறம் குறிப்பிடுவோரும், அந்நிறத்தில் புத்தாடை வாங்க இயலாதாரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறியாமல் வேற்று நிறத்தில் வந்தவரை முகங்கோணாது வரவேற்பது விருந்தளிப்போர் கடமை. அதனினும் பெரிது, நம் மண்டபங்களின் தூண்களருகே ஒதுங்கி நிற்கும் வெள்ளைப் புடவைத் தாய்மாரை முன்வரிசைக்கு அழைத்து வருவது. அண்டை வீட்டு மூதாட்டிக்குத் தெரிந்த அப்பண்பு நமக்கும் வாய்க்க அம்பாள் அருள்புரிவாளாக!